ஆறு மூடிகள்

மூன்றாவது மூடியைத் திருகியபோதுதான் கவனித்தேன், என் கை நடுங்கவில்லை.

படகு பலகைத் துறையில் கட்டிக் கிடந்தது. என் சகலையின் படகு; என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பின் இருக்கைக்கு அடியில் அவனுடைய பேட்டரி, தலையில் ஆறு மூடிகளோடு. என் கையில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில். உள்ளே இருந்தது உப்புத் தண்ணீர்.

ஒரு பாட்டில் போதும். கொஞ்ச நாளில் உள்ளே தகடெல்லாம் அரித்துப் போகும். யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்பார்கள்.

அந்த வயதுதான் என்னை எரித்தது.

எங்கள் மாமனார் இரண்டு மருமகன்களுக்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி பேட்டரி வாங்கிக் கொடுத்தார். ஏரியில் ஆள் ஏற்றிப் போகும் எங்கள் படகுகளுக்குச் சத்தமில்லாத சின்ன மின் மோட்டார்; அதற்காக. என்னுடையது இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது. அடுத்து நான் வாங்கியதும் போய்ச் சேர்ந்தது. இப்போதிருப்பது மூன்றாவது, அதற்கும் மூச்சு வாங்குகிறது.

அவனுக்கு ஆறாவது வருடமாக அதே பேட்டரி.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. பாதி சார்ஜ் இறங்கியதும் அவன் கரைக்குத் திரும்பிவிடுவான். நான் மோட்டார் முனகும்வரை ஓட்டுவேன். கரை ஏறியதும் அவன் சார்ஜில் போடுவான். நான் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுப்பேன். முனைகளில் பச்சை பூத்தால் துடைத்துவிட்டு, குழந்தைக்குத் தடவுவதுபோல வாஸ்லின் தடவுவான். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம், பறவைகளைக் கணக்கெடுக்க வரும் பேராசிரியை அம்மாவோடு நடு ஏரியில் நின்றுபோனேன். அவன்தான் கயிறு கட்டி இழுத்து வந்தான். ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அதிலிருந்து அந்த அம்மா அவன் படகில்தான் ஏறுகிறார். எனக்கு நிலையாக இருந்த ஒரே வாடிக்கை அது. என் மனைவியோ தட்டை வைக்கும்போதெல்லாம், "தங்கச்சி வீட்டுக்காரரப் பாத்தாவது கத்துக்கலாம்ல" என்கிறாள்.

ஆறாவது மூடியும் கழன்றது. பாட்டிலைச் சாய்க்கப் போனேன். துறைப் பலகை அதிர்ந்தது.

சகலை நின்றிருந்தான். திறந்து கிடந்த பேட்டரியைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். படகில் இறங்கி, என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"தண்ணி பாக்க வந்தீங்களாண்ணே?"

என் தலை தானாக ஆடியது.

"நல்லதாப் போச்சு. இப்பத்தான் சார்ஜ் முழுசா ஏறியிருக்கு. நானே ஊத்தணும்னு இருந்தேன்."

கரையில் என் மனைவியும் அவள் தங்கையும் மிதவைச் சட்டைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அண்ணி, இங்க பாருங்க. உங்க வீட்டுக்காரர் என் பேட்டரிக்குத் தண்ணி ஊத்த வந்திருக்காரு. நாளைக்கு மழை நிச்சயம்."

என் மனைவி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அவன் ஆறு மூடிகளையும் பொறுக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"ஊத்துங்கண்ணே."

கடவுளை நான் அதிகம் தொந்தரவு செய்கிறவன் இல்லை. அந்த ஒரு நொடி கூப்பிட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

பாட்டிலை என் வாயில் வைத்துக் குடித்தேன்.

நாலு மிடறு இறங்கியது. ஐந்தாவது மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் முட்டியது.

"தாகம்," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. தன் குடிதண்ணீரைத் திறந்து நீட்டினான். நான் மடமடவென்று குடித்து முடித்தேன். பிறகு அவன் என் இன்னொரு கை விரல்களிலிருந்து உப்புத் தண்ணீர் பாட்டிலை மெதுவாக விடுவித்தான்.

அவன் கைக்கு மாறிய பிறகுதான் அதைப் பார்த்தேன். பாட்டிலின் அடியில், நான் அவசரத்தில் அள்ளிப் போட்ட கல்லுப்பு, ஒரு விரல் கனத்துக்குக் கரையாமல் கிடந்தது. வெயிலில் பளபளத்தது. அவன் வந்து உட்கார்ந்தபோதே அது அவன் முகத்துக்கு நேரேதான் இருந்திருக்கும்.

அவன் பாட்டிலைக் கரையிலிருந்து தெரியாதபடி தன் காலுக்குப் பின்னால் வைத்தான். இருக்கைக்கு அடியிலிருந்து தன்னுடைய டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"இப்ப ஊத்துங்கண்ணே," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அண்ணி இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."