சாரத்தில் நிற்பவர்

"ஏறமாட்டோம் சார். சாரத்துல கொத்தனார் அண்ணன் ஆவியா நிக்கிறாரு" என்றாள் சித்தாள்.

மூன்றாம் மாடி உயரத்தில், புதிதாகக் கட்டிய பலகை காலியாகத்தான் இருந்தது. மற்றவர்களும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"பேயா? யாரு காதுல பூ சுத்துறீங்க?" காண்ட்ராக்டர் எரிந்து விழுந்தார். "அவன் உயிரோடதான் இருக்கான். இடுப்புதான் உடைஞ்சுது. பலகை முறிஞ்சு இதே இடத்துல விழுந்தவனை நான்தானே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்!"

"அப்படி ஒரு ஆளே உங்ககிட்ட வேலை பார்க்கலைன்னு எங்ககிட்ட சொன்னீங்களே?"

செங்கல் அடுக்குக்குப் பின்னாலிருந்து வந்த தொழிலாளர் துறை அதிகாரியைப் பார்த்ததும் காண்ட்ராக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

சித்தாளுக்கு நெஞ்சு நிறைந்தது. அதிகாரியை வரவழைத்ததும், பேய்க்கதை கட்டியதும் அவள்தான். இனி அண்ணனுக்கு நஷ்டஈடு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

கொத்தனாரின் மனைவிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, ஜெயிச்சிட்டோம்! அண்ணன்கிட்ட சொல்லுங்க!"

அந்தப் பக்கம் விசும்பல்தான் கேட்டது.

"காலையில உயிர் போயிடுச்சும்மா. சரியா நீங்கல்லாம் வேலைக்கு ஏறுற நேரம்."

கீழே நின்ற எல்லோரும் என்னவென்று கேட்டார்கள். தலையை நிமிர்த்தி மேலே சாரத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.