அந்தரத்தில் ஒரு பேனா

வெளித் தேர்வாளர் சதாசிவத்தின் பேனா, கையெழுத்துப் போடாமல் அந்தரத்தில் நின்றது. பேனாவுக்குக் கீழே மாதங்கியின் ஆய்வேடு விரிந்து கிடந்தது. எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் படிப்புக்காக அவள் தனியாகச் செய்த ஆய்வு அது. ராகுகாலத்துக்கும் பங்கு விலைக்கும் சம்பந்தமே இல்லை என்பது அதன் முடிவு. அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாயிற்று. பிறகு ஏன் பேனா இறங்க மாட்டேன் என்கிறது?

"ஃபெயிலா மேடம்?" பக்கத்தில் இருந்த வழிகாட்டி ரேணுகாவிடம் கிசுகிசுத்தாள்.

"அட, பாஸ்தாம்மா. ராகுகாலம் முடியட்டும்னு உக்காந்திருக்கார்."

மாதங்கிக்கு மூச்சு வந்தது. சதாசிவம் அசடு வழிந்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரந்தாம்மா."

"அவசரமே இல்ல சார்," என்றாள் அவள். "முழுசா முடியட்டும்."