சோடா உப்பு வைத்தியம்

“ஒரே ஒரு தடவை உள்ளே எட்டிப் பாத்துட்டு வந்துடறேன், சிஸ்டர்.”

“கதவுல கை வச்சீங்கன்னா காவலாளியைக் கூப்பிடுவேன். பேசாம உக்காருங்க.”

தலைமை நர்ஸ் தெசங்கா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே ரதோமிர் குட்டி போட்ட பூனையாக அலைந்துகொண்டிருந்தான்.

உள்ளே இருப்பது அவன் மனைவி நெவெனா. ஆறு மாதக் கர்ப்பிணி. குடல்வால் அழற்சி, இப்போதே எடுத்தாக வேண்டும் என்று உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அது வயிற்றுக்குள்ளேயே வெடித்துவிட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளை தங்குவதும் சந்தேகம். கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கிக் கிடந்து தரித்த பிள்ளை அது.

“அவளை இடது பக்கமா லேசா சாய்ச்சுப் படுக்க வச்சிருக்காங்களா? மல்லாக்கப் போட்டுடப் போறாங்க. குழந்தை பாரம் ரத்தக் குழாயை அழுத்திடும்.”

“எல்லாம் தெரிஞ்ச புருஷன்காரங்கதான் இங்க பெரிய தொந்தரவு” என்றாள் தெசங்கா. “உள்ள இருக்கறவங்க விளையாட்டுப் பிள்ளைங்க இல்ல.”

“குழந்தையோட இதயத் துடிப்பு?”

“பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. முடிச்சதும் பாப்பாங்க. புருஷனுக்கு இங்க ஒரே வேலைதான். பெஞ்சுல உக்காந்து நகத்தைக் கடிக்கணும். அதை ஒழுங்கா செய்யுங்க.”

ரதோமிர் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான்.

“அவளுக்கு ஒண்ணுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன், சிஸ்டர்.”

“அவங்க தனியா டாக்சி புடிச்சு வந்து, தானா கட்டில்ல ஏறிப் படுத்தாங்க. அது பொம்பளை. நீங்கதான் தொடை நடுங்கறீங்க.” சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் தன் பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை காபி ஊற்றி நீட்டினாள். அவன் கதவையே பார்த்துக்கொண்டு வாங்கியதில் பாதி காபி தரையில் சிந்தியது.

அப்போது மாடிப்படியில் திமுதிமுவென்று சத்தம். நெவெனாவின் அண்ணன் வுகாஷின், மொராவா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பிளம் தோட்டத்திலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தான். ஆளும் மலை, குரலும் இடி. கக்கத்தில் ஒரு பாட்டில் ரக்கியா சாராயம். ரதோமிர் போனில் அழுதுகொண்டே சொன்னதில், ‘நெவெனாவைத் தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாங்க’ என்பது மட்டும்தான் அவனுக்கு விளங்கியிருந்தது.

அவன் கடைசிப் படியில் கால் வைக்கவும் தியேட்டர் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. சின்ன டாக்டர் தியானா முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

“தாயும் நல்லா இருக்காங்க, குழந்தையும் நல்லா இருக்கு.”

வுகாஷினுக்கு அது போதும். பாட்டிலைப் பெஞ்சில் வைத்தான். இரண்டு கையாலும் ரதோமிரின் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. பொத்தான்கள் தெறித்து வராந்தாவெல்லாம் உருண்டன. சட்டைக் கை ஒன்று தோள்பட்டைத் தையலோடு பிய்ந்து வந்தது. குழந்தை பிறந்த சேதி வந்ததும் தகப்பனின் சட்டையைக் கிழிக்காவிட்டால் அந்த ஊரில் மச்சான், பங்காளி என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

“மருமகனா, மருமகளா, டாக்டரம்மா?”

“குழந்தை பத்திரமா வயித்துக்குள்ளயே இருக்கு. நாங்க எடுத்தது குடல்வாலை.”

வுகாஷின் தன் கையிலிருந்த சட்டைத் துண்டைப் பார்த்தான். “குடல்வாலுக்கெல்லாம் கிழிக்கற வழக்கம் இல்லையே” என்றான்.

ரதோமிர் அழுதுகொண்டே சிரித்தான். மச்சானைக் கட்டிக்கொண்டு, “மூணு மாசம் கழிச்சு வா மச்சான், இன்னொரு சட்டை போட்டுக்கிட்டு நிக்கறேன்” என்றான். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது.

“நல்ல வேளை, வெடிக்கறதுக்குள்ள எடுத்துட்டோம்” என்றாள் தியானா. “குழந்தை வளர வளர குடல்வாலை மேல தள்ளிடும். வலி விலாவுக்குக் கீழ வந்துடுச்சு. அதுல ஏமாந்துட்டாங்க.” சற்றுத் தயங்கினாள். உதட்டோரம் சிரிப்பு முட்டியது. “மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி நெவெனா ஒரு சேதி சொல்லி அனுப்பினாங்க. ‘இது வெறும் நெஞ்செரிச்சல், சோடா உப்பைக் கரைச்சுக் குடி’ன்னு ரெண்டு நாளா ஒரு டாக்டர் அவங்களை ஏய்ச்சுக்கிட்டே இருந்தாராம். அவரை ரொம்ப விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்க.”

வுகாஷினின் முகம் சிவந்துவிட்டது.

“புள்ளத்தாச்சி வலியில துடிக்கறா, சோடா உப்பா கொடுத்தான்? எவன் அந்த மடையன்? பேரைச் சொல்லு மாப்ளே. இப்பவே போயி அவன் சட்டையையும் கிழிச்சுட்டு வரேன்.”

ரதோமிர் உருண்ட பொத்தான்களைப் பொறுக்குகிறவன் போலக் குனிந்துகொண்டான்.

தெசங்கா எழுந்து எதிர் அறைக்குப் போய் ஒரு வெள்ளைக் கோட்டோடு வந்தாள். அதை ரதோமிரின் வெற்றுத் தோளில் போர்த்திவிட்டாள்.

“அந்தச் சட்டையைத்தான் நீங்க ஏற்கெனவே கிழிச்சுட்டீங்களே” என்றாள் வுகாஷினிடம். பிறகு ரதோமிர் பக்கம் திரும்பி, “மாட்டிக்குங்க, பெரிய டாக்டர். நாளைக்குக் காலையில மாணவர்களுக்கு நீங்கதான் வகுப்பு எடுக்கணும். கர்ப்பிணிக்கு வயித்து வலி வந்தா குடல்வாலைக் கோட்டை விடாம கண்டுபிடிக்கறது எப்படிங்கறதுதான் பாடம்” என்றாள்.