சோல்சரை எங்கே கட்டுவது?

வாசகக் கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியமா? மழைக்கால இருமலெல்லாம் விட்டதா? வீட்டுக்கு டாக்டரோ கணக்குப் பார்க்கிறவரோ வரும் நேரம் பார்த்து நாய் குதித்து மானத்தை வாங்குகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள், சேக்காட்டு வடிவின் கதையைக் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஜெர்மன் சண்டை நடந்த சமயம். ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ராத்திரி பகல் பாராமல் ஓடிக்கொண்டிருந்தன. குடித்தனக்காரர்கள் அளவுக்கு மேல் நெல் வைத்திருந்தால் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும். ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டால் நெல்லும் போகும், ஆளும் ஜெயிலுக்குப் போவான்.

வடிவின் புருஷன் திருவேங்கடம் எட்டு மூட்டை ஒளித்துவிட்டான். தையில் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம். ரேஷன் அரிசியில் பந்தி போட்டால் சம்பந்தி வீட்டார் சும்மா இருப்பார்களா? மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், வைக்கோற்போருக்கு அடியில் மூட்டைகள் படுத்திருந்தன.

வியாழக்கிழமை ஆபீசர் வருகிறார் என்று தலையாரி சொல்லிவிட்டுப் போனான். திருவேங்கடத்துக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு வீட்டு நாய் சோல்சர் வேறு.

சோல்சர் கடிக்கிற ஜாதியில்லை. புது ஆளைக் கண்டால் அதற்குச் சந்தோஷம் தாங்காது. முன்னங்கால் இரண்டையும் வந்தவர் தோளில் போட்டு முகத்தை நக்கிவிடும். அம்மை குத்த வந்தவரின் பெட்டி கவிழ்ந்தது அப்படித்தான். மாட்டு டாக்டர் சாணிக்குழியில் உட்கார்ந்ததும் அப்படித்தான்.

"ஆபீசர் வரசொல்ல இத்த இன்னாமே பண்றது?"

"வைக்கப்போராண்ட கட்டு. அது குதிக்கிற குதியப் பாத்தா எவன் கிட்ட வருவான்?"

"மூளக்காரிதான் நீ."

"பின்ன, உன்ன நம்பிக்கினு இருந்தா வசந்தா கல்யாணம் நடந்தாப்லதான்!"

ஆனால் புதன்கிழமை மத்தியானமே காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"நெல் ஆபீசர் வந்திருக்கேன். நாய் கீய் இருந்தா முதல்ல கட்டுங்க."

"நாளிக்குத்தான வர்றதா சொன்னாங்கோ சாமி? கர்ணம் ஐயாவையும் காணோமே?" என்று திருவேங்கடம் இழுத்தான்.

"சொன்ன நாள்ல கர்ணத்தையும் கூட்டிக்கிட்டு வந்தா உங்க ஊர்ல ஒரு மணி நெல்லு அகப்படுமா?"

வடிவு அதற்குள் சோல்சரைத் தரதரவென்று இழுத்துப் போய் வைக்கோற்போர் பக்கத்தில் சங்கிலி போட்டுவிட்டாள்.

ஆபீசர் நெற்குதிருக்குள் எட்டிப் பார்த்தார். அடுக்குப் பானைகளைத் தட்டிப் பார்த்தார். கொடுத்த இளநீரைக் குடித்தார். பிறகு கொல்லைக்கு வந்தார். சோல்சர் போட்ட கூச்சலில் தென்னைமரத்துக் காக்கைகள் பறந்தன.

"மேல பாஞ்சிரும் சாமி, கிட்ட போவாதீங்கோ!" என்றாள் வடிவு.

"அட, பயப்படாதீங்கம்மா. இந்த மாதிரி நாயை அதட்டவே கூடாது. மூஞ்சியைப் பார்க்காம பக்கவாட்டுல நிக்கணும். கொஞ்சம் தின்னக் குடுக்கணும்."

அவர் அப்படியே நின்றார். பையிலிருந்து ஒரு பொறை ரொட்டியை எடுத்துப் போட்டார். இரண்டாவது பொறைக்கு வாலாட்டிய சோல்சர், மூன்றாவதற்கு மல்லாந்து வயிற்றைக் காட்டியது. இனி வைக்கோலில் கை வைக்க என்ன தடை?

ஆபீசர் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார். "போதும், பார்த்தாச்சு. உங்க வீட்டுல ஒண்ணுமில்லைன்னு மேல சொல்லிடறேன்."

அவர் தெருமுனை திரும்பியதும் திருவேங்கடம் பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இன்னிக்கு ராவும் அது அங்கியே காவல் கெடக்கட்டும்" என்றாள் வடிவு பெருமையாக.

மறுநாள் காலை கர்ணம் வந்தார். கூட வந்த ஆபீசர் வேறு ஆள். ஒல்லியாக, கையில் நீளமான இரும்புக் கம்பியோடு இருந்தார்.

"நேத்து வந்தவருக்கும் மேல பெரியவரு போல கீது" என்று திருவேங்கடம் முணுமுணுத்தான்.

புதியவர் வீட்டுக்குள் பார்க்கவே இல்லை. நேராகக் கொல்லைக்குப் போனார். சோல்சர் வைக்கோல் ஓரமாகச் சுருண்டு படுத்திருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்தது, வாலை ஒரு தட்டுத் தட்டியது, மறுபடி தூங்கிவிட்டது.

"குதியேன், தடிமாடே!" என்று வடிவு பல்லைக் கடித்தாள்.

ஆபீசர் கம்பியை வைக்கோற்போருக்குள் செருகினார். வடிவு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். திருவேங்கடம் தூணைப் பிடித்துக்கொண்டான்.

கம்பி தங்குதடையில்லாமல் உள்ளே போய் அடியில் கிடந்த கல்லில் மோதியது. இன்னொரு பக்கம் செருகினார். அங்கேயும் கல்தான்.

"சுத்தமான வீடுய்யா!" என்றார் ஆபீசர் கர்ணத்திடம். "ஆமா, எவனோ ஒருத்தன் என் பேரைச் சொல்லிக்கிட்டு சுத்தறானாமே, இங்க வந்தானா?"

திருவேங்கடம் அவசரமாகத் தலையை ஆட்டினான். "இல்லீங்களே சாமி."

"வெள்ளானூர்ல வந்திருக்கான். அவன் நெல்லைத் தேடறதே இல்லையாம். நாயைக் கட்டச் சொல்றானாம், எங்க கட்டறாங்கன்னு பார்த்துட்டுப் போயிடறானாம். நடுராத்திரி வண்டியோட வந்து, நாய்க்கு எலும்பைப் போட்டுட்டு வேலையை முடிச்சுடறான். கேட்டா எவனும் எதுவும் போகலைங்கறான். பொம்பளைங்க மட்டும் வைக்கோற்போராண்ட உட்கார்ந்து அழறாங்க."

சோல்சரின் வயிற்றுக்கு அடியில் ஆட்டு எலும்பு ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. வடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் கர்ணம்.

"வைக்கத் தூசி சாமி."

உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் நாயை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவசியம் எனக்கு எழுதிப் போடுங்கள், கண்ணுகளா. எங்கே கட்டுகிறீர்கள் என்பதை மட்டும் எழுத வேண்டாம்.