லொறி குடித்த கள்ளு

இதில் எதையும் நான் கண்ணால் காணவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் இலிகிதராக இருக்கும் ஜசிந்தா அக்கா சொன்னது. சொல்லி முடித்த பிறகும் அவவுக்குக் கோபம் ஆறவில்லை.

சங்கத்து லொறிக்குள் கள்ளு ஊற்றிய சாரதியை விசாரிக்க நிர்வாகக் குழு கூடியிருந்தது. தலைவர் அம்பலவாணர் நடுக் கதிரையில் இருந்தார். சாரதி கதிர்காமு வாசலோடு நின்றான்.

"கள்ளு ஊத்தினது மெய்யோ, பொய்யோ?"

"மெய்தான் ஐயா."

"எங்கை ஊத்தினனீ?"

"ரேடியேற்றருக்குள்ளை. எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி முழுக்க வழியிலை ஒழுகிப் போச்சுது. லொறி நிண்டிட்டுது ஐயா."

"நீ குடிச்சது காணாதெண்டு லொறிக்கும் பருக்கினியோ?"

காரியதரிசி பாலசிங்கம் சிரித்தார். "ஆஸ்பத்திரி வாசலிலை லொறி நுரை தள்ளிக்கொண்டு நிண்டதாம். சனம் மூக்கைப் பொத்தினதாம். இனி எங்கடை லொறியிலை அரிசி ஏத்தினால் ஆர் வாங்குவினம்?"

"நான் குடிக்கேல்லை ஐயா. ஒருநாளும் குடிக்கிறேல்லை."

நடந்தது இதுதான். எங்கள் தீவிலுள்ள வேலணையில் சூசையம்மா என்ற பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. கார் கிடைக்கவில்லை. அந்த வழியால் வெறுமையாகத் திரும்பிய சங்க லொறியை மருத்துவிச்சி பிலோமினம்மா மறித்து, அவளை ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறா. நாரந்தனைக்கு வந்ததும் லொறி ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"சுத்திவரக் கடல். உன்ரை கண்ணிலை கள்ளுத்தான் பட்டுதோ?" என்றார் பாலசிங்கம்.

"கடலுக்குப் போய் வர நேரமில்லை ஐயா. அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் நிக்கேல்லை."

அம்பலவாணர் மேசையில் அடித்தார். "நாரந்தனையிலை வளவுக்கு வளவு கிணறு. ஆபத்துக்கு ஒரு வாளி தண்ணி கேட்டால் இல்லையெண்டு சொல்லுற ஊரோடா இது? ஊரின்ரை பேரையும் சேத்துக் கெடுக்கிறாய்."

கதிர்காமு நிலத்தைப் பார்த்தான்.

"கேட்டனான் ஐயா. அள்ளித் தர ஆள் வரும், அதுமட்டும் அங்காலை நில் எண்டவை."

கதிர்காமுவின் சாதி ஆட்கள் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தாங்களாக அள்ளக் கூடாது. உரிய ஆள் வந்து அள்ளி ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டும். அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"எந்த வீடு?" பாலசிங்கம்தான் கேட்டார்.

கதிர்காமு வாசல் நிலையோடு ஒதுங்கினான்.

"பேரைச் சொல்லு. அவையளைக் கூப்பிட்டு விசாரிப்பம்."

"வேண்டாம் ஐயா. நான் பெண்சாதி பிள்ளையளோடை மற்றவையின்ரை காணியிலை குடியிருக்கிறன். சொன்னால் இருக்க இடமில்லை."

"பொய்க்குப் பேர் இராது," என்றார் அம்பலவாணர்.

"ஒருத்தரும் வரேல்லை ஐயா. பக்கத்துப் பனையாலை இறங்கின சீவல்காரன் என்ரை நிலையைப் பாத்திட்டு, அண்டைக்கு இறக்கின கள்ளு முழுக்கத் தந்தான். அதை ஊத்தித்தான் ஆஸ்பத்திரி மட்டும் கொண்டுபோனனான். தாயும் பிள்ளையும் சுகமாய் இருக்கினம். ரேடியேற்றரை நானே கழட்டிக் கழுவித் தாறன். வேலையை மட்டும் பறிச்சுப் போடாதேங்கோ. எனக்கு வேறை சீவியம் தெரியாது."

"குடிகாரன்ரை கையிலை சங்கத்துச் சொத்தைக் குடுக்க ஏலாது."

அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள். கதிர்காமு லொறியைப் பூட்டும் திறப்பை அம்பலவாணரிடம் நீட்டினான். அவர் அதைக் கையால் வாங்காமல், மேசையில் வைக்கும்படி காட்டினார்.

"அந்த வீடு எதெண்டு தெரிஞ்சால் படலையிலை போய் நிண்டு கேப்பன்," என்றா ஜசிந்தா அக்கா.

எனக்கும் கோபம் வந்தது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு இதை எழுதப் பயமாக இருந்தது. அவன் உண்மையிலேயே குடித்திருந்தால்? பிலோமினம்மாவிடம் போனேன்.

"கள்ளு மணம் லொறியிலை, தம்பி. அவனிலை இல்லை," என்றா அவ. "அங்காலை போடா எண்டு ஆரோ அவனைக் கலைச்சுப் பேசின சத்தம் கேட்டது. நான் பின்னாலை சூசையம்மாவைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான், ஆளைக் காணேல்லை. பெரிய பூவரசடியிலைதான் லொறி நிண்டது."

பூவரசடிக்குப் போனேன். எதிரே ஒரே ஒரு கிணறு. பக்கத்துத் தோட்டத்தில், நீர் இறைக்கும் மிசினை வாடகைக்கு விடும் முருகேசு அண்ணை நின்றார்.

"இந்தக் கிணறு அந்த நேரம் வத்தியோ இருந்தது, அண்ணை?"

"ஆர் சொன்னது? லொறி நிண்ட அண்டைக்குப் பின்னேரம் நான்தானே மிசின் வைச்சு இறைச்சனான். அடிச்சேறு தெரியுமட்டும் இறைக்கச் சொன்னவை."

"ஏன்?"

"கதிர்காமு அவசரத்திலை துலாக் கயித்தைப் பிடிச்சிட்டானாம். பிடுங்கிப்போட்டுக் கலைச்சவையாம். கயிறு தண்ணியிலை பட்டிட்டுதாம்."

"இறைச்ச தண்ணியைத் தோட்டத்துக்கு விட்டனீங்களோ?"

"புகையிலைக்கும் விடக்கூடாதெண்டிட்டார். முழுக்க றோட்டாலை ஓடினது."

"எண்டிட்டார் எண்டால், ஆர் அண்ணை?"

முருகேசு அண்ணை சுற்றிவரப் பார்த்துவிட்டுத் தன் மிசினைத் துடைக்கத் தொடங்கினார்.

அயலில் இன்னும் இரண்டு வீடுகளில் விசாரித்துச் சரிபார்த்தேன். லொறி நின்ற பூவரசடி வரைக்கும் அந்தத் தண்ணீர் ஓடியிருக்கிறது. கிணறு, சங்கத் தலைவர் அம்பலவாணருடையது.