ஜன்னல் பக்கத்து சீட்டு

சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தாயிற்று. ஓய்வு பெற்ற லாரி டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பயணத் திட்டம் எழுத உட்கார்ந்தார். எதிரே அவர் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எப்படிக் கொள்ளும்? இருநூறு வருடத்துக்கு முன் பாறையைக் குடைந்து போட்ட மலைச்சாலை. அறுபத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள். முப்பத்தொரு வருடம் அவர் அதில் லாரி ஓட்டியிருக்கிறார். அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பார்க்கவில்லையே தவிர, நிறையக் கேட்டிருக்கிறாள். பாறையில் கொட்டும் அருவி, பள்ளத்தாக்கில் ஆறு, கரையில் நீலக் கூரை வீடுகள், காலுக்குக் கீழே மேகம். மனுஷன் சொன்னால் அப்படியே கண்முன் நிற்கும். அதையெல்லாம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

எழுதியதை எட்டிப் பார்த்தாள்.

ஏழாவது வளைவு, இரண்டாவது கியர். பன்னிரண்டு, ரோடு எப்போதும் ஈரம். கல் பாலம், பத்து டன்னுக்கு மேல் ஏற்றக்கூடாது.

போகப்போவது மருமகனிடம் இரவல் வாங்கிய சின்னக் காரில்.

"அருவி எங்கங்க?"

"அதான் எழுதியிருக்கேனே, பன்னெண்டுல ஈரம்னு."

"அந்த ஆறு?"

அவர் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தார். அது பேனாவின் பின்னாலேயே இருந்தது.

பாவம், ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்த மனுஷன், இந்தத் தடவையும் கியர், பிரேக் என்றே போய்விடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குத்தான் அவள் நாலு மாதமாக ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்பியதெல்லாம் டிரைவிங் ஸ்கூலுக்கு. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பதில் அங்கே அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

லைசென்ஸை எடுத்து வரைபடத்தில் மலை உச்சியின் மேல் வைத்தாள்.

"நான் ஓட்டறேன். நீங்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆற அமரப் பார்த்துட்டு வாங்க."

கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

அவளுக்குச் சுருக்கென்றது. "ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நீ நல்லாத்தான் ஓட்டுவ." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டியரிங் கையில இருந்தா எனக்கு ரோடு மட்டும்தான் தெரியும். சும்மா உட்கார்ந்தா பள்ளம் தெரியும். உயரம்னாலே எனக்கு உயிர் போயிடும். முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் திரும்பினதில்ல."

அப்படியானால் அந்த நீலக் கூரைகள்? மேகம்? கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவர் முகம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு தடவை வீடு திரும்பும்போதும், அவளுக்காக, மனுஷன் வாய்க்கு வந்ததை அளந்திருக்கிறார்.

கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அதைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுதிய தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, லைசென்ஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீயே ஓட்டு. நான் கண்ணை மூடிக்கிட்டு வர்றேன். நிஜமாவே ஆறு இருந்தா மட்டும் சொல்லு."