வைக்கோல் கட்டுச் சண்டை

பேராச்சி சட்டியோடு வெளியே வந்ததும் கனகவள்ளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இன்றைய சண்டை எத்தனை நேரம் போகும் என்பதுதான் சந்தில் எல்லாருக்கும் தெரியவேண்டியிருந்தது.

இரண்டு குடிசைக்கும் நடுவே கிடந்த இடம் ஒரு அடுப்புப் போடக் காணும். அங்கே முறுக்குச் சுட்டு விற்கலாம் என்று பேராச்சி கணக்குப் போட்டிருந்தாள். அதற்குள் கனகவள்ளி தபேலா என்கிற எருமைத் தொழுவத்திலிருந்து வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டாள். தாராவியின் உப்பு மண்ணில் புல்கூட முளைக்காது, அதனால் வைக்கோலை மக்கவைத்து அதிலேயே கத்தரி போடப் போகிறாளாம்.

விடுவாளா பேராச்சி? பிள்ளைகள் ராத்திரி மூத்திரம் பெய்யும் சட்டியை, விடிந்ததும் கொண்டுவந்து கட்டுகளின் தலையில் கவிழ்த்தாள். தினமும் இதே சோலி. கனகவள்ளி ஊர் கூடும்படி ஏசுவாள், கட்டுகளை மட்டும் ஒரு அங்குலமும் நகர்த்த மாட்டாள்.

அப்படியும் கத்தரி காய்த்துக் குலுங்கியது. பேராச்சிக்கு வயிறு எரிந்தது.

முந்தாநாள் புயலில் செடி, கட்டு எல்லாம் சாக்கடையோடு போயிற்று. அப்பாடா என்று பேராச்சி மூச்சு விடுமுன், நேற்றே புதுக் கட்டுகள் வந்து இறங்கிவிட்டன.

"வாட்டி, வந்து ஊத்து. புயல் கெடுத்தது போதாதுன்னு நீயும் கெடு," என்றாள் கனகவள்ளி.

பேராச்சி கட்டுகளைத் தாண்டிப் போய்ச் சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ஏன், கை சுளுக்கிட்டோ?"

"கூரைத் தகரம் பிச்சிக்கிட்டுப் போவப் பாத்துச்சு. பிள்ளையளக் கட்டிக்கிட்டு இசக்கியம்மனுக்கு வாக்குக் குடுத்துட்டேன், இனி எந்தக் குடிக்கும் கெடுதல் செய்யமாட்டேன்னு. ஒன்னய மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. ஒன் மூஞ்சியப் பாத்தா இப்பவும் பத்திக்கிட்டுத்தான் வருது. ஆனா அடுப்புப் போட இந்த ஜகாவும் எனக்கு வேண்டாம், இனி ஒரு சொட்டு ஊத்தவும் மாட்டேன்."

கனகவள்ளியின் முகம் செத்துப்போனது. இத்தனை நாளும் 'ட்டி' போட்டே ஏசியவளின் குரல் தழைந்தது.

"யக்கா, அப்படிச் சொல்லாதீய. நீங்க ஊத்தலேன்னா வைக்கோலு எப்படி மக்கும்?"